எடுத்த இடத்து நோவு

கொழும்பில் முழங்கால் சத்திர சிகிச்சையை முடித்துக்கொண்டு இரவு பஸ்ஸில் அட்டாளைச்சேனைக்கு வந்து சேரும் இளைஞனைப் பார்க்க வீட்டில் ஆள் நிறைந்துவிடும். வருகிறவர்கள் கேட்பது ஒரே கேள்வி: "முழங்கால் எப்படித் தம்பி?" முழங்கால் பரவாயில்லை. இரண்டு மூன்று வாரத்தில் தையல் ஆறிவிடும், வீக்கமும் மெல்ல வடியும். ஆனால் இரவில் புரண்டு படுக்கும்போது அவன் கை போவது தொடையின் பின்பக்கத்துக்கு. அங்கே கத்தி பட்ட தடம் ஒன்றும் இல்லை. வெட்டாத இடம் ஏன் நோகிறது என்பது அவனுக்கும் விளங்கவில்லை, தைலப் போத்தலோடு பக்கத்தில் நிற்கும் உம்மாவுக்கும் விளங்கவில்லை.

அந்தக் காலில் காயம் இரண்டு. ஒன்று, புதிய நாணைப் பொருத்திய முழங்கால். மற்றது, அந்த நாணை எடுத்த தொடை. முதலாவதற்கு ஸ்கேன், கிளினிக், நீக்காப், நலம் விசாரிப்பு எல்லாம் உண்டு. இரண்டாவதை யாரும் காயமாகக் கணக்கெடுப்பதில்லை. இந்த அத்தியாயம் அந்த இரண்டாவது காயத்தைப் பற்றியது.

எதை எடுத்தார்கள், எப்படி எடுத்தார்கள்

உதைபந்தாட்டத்தில் பாதம் மண்ணில் ஊன்றி நிற்க உடம்பு மட்டும் திரும்பும்போது, அல்லது துள்ளி இறங்கும் கால் உள்பக்கமாக மடியும்போது, முழங்காலின் நடுவே இருக்கும் முன் குறுக்கு நார் அறுந்துபோகிறது. விளையாடுகிறவர்கள் அதை ஏ.சி.எல். என்றுதான் சொல்கிறார்கள். முற்றாக அறுந்தால் அது பெரும்பாலும் தானாகப் பழைய பலத்தோடு ஒட்டுவதில்லை. அதனால் உடம்பின் வேறோர் இடத்திலிருந்து ஒரு தசைநாணை எடுத்து அந்த இடத்தில் பொருத்துகிறார்கள். தொடையின் பின்பக்கத்து நாணை இதற்குப் பயன்படுத்தும் யோசனை புதியதல்ல. இத்தாலியின் ரிக்கார்டோ கலியாட்சி 1934 இலேயே அதைச் செய்தார். முழங்காலுக்குள் கமரா விட்டுச் செய்யும் முறை வந்த பிறகு அது உலகெங்கும் பரவியது.

பின்தொடையிலும் உள்தொடையிலும் இருந்து முழங்காலின் உள்பக்கமாக இறங்கும் இரண்டு நாண்கள் உண்டு. முழங்காலை மடித்துத் தொட்டுப் பார்த்தால் கயிறு போலத் தட்டுப்படும். மருத்துவத்தில் அவற்றுக்கு செமிடெண்டினோசஸ், கிராசிலிஸ் என்று பெயர். முழங்காலுக்குச் சற்றுக் கீழே, உள்பக்க முன்னங்காலில் 3 சென்ரிமீற்றர் அளவுக்கு வெட்டி நாணின் நுனியைப் பிடிக்கிறார்கள். வளையம் வைத்த நீண்ட கருவியொன்றைத் தோலுக்கு உள்ளால் தொடைப் பக்கம் மேலே தள்ளும்போது, நாண் தசையிலிருந்து பிரிந்து கையோடு வருகிறது. நீளம் ஏறக்குறைய 25 சென்ரிமீற்றர், சிலருக்கு அதற்கும் மேல். அதை மடித்து நாலு பிரியாக்கினால் 8 மில்லிமீற்றர் தடிப்புள்ள கயிறு கிடைக்கும். அதுதான் புதிய ஏ.சி.எல்.

நாணை இழந்த தசை, பிடி விட்ட இறப்பர் போல மேலே சுருங்குகிறது. நாண் ஓடிய பாதை முழுவதும் வெறும் குழாயாகி அதற்குள் இரத்தம் கசிகிறது. முழங்காலில் வெட்டியிருக்கத் தொடை நோவதன் காரணம் இதுதான்.

நல்ல செய்தியும் உண்டு. 1992 இல் சிட்னியைச் சேர்ந்த மெர்வின் கிராஸ் என்ற சத்திர சிகிச்சை நிபுணரும் அவரது குழுவினரும், எடுத்த இடத்தில் நாண் மீண்டும் வளர்வதை ஸ்கேனில் கண்டு எழுதினார்கள். பல்லியின் வால் அறுந்தால் திரும்ப முளைப்பது போல என்று மருத்துவர்கள் இதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள். பின்னர் வந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் 10 பேரில் 7 பேருக்காவது இப்படி வளர்கிறது. ஆனால் முளைத்த வால் பழைய வால் அல்ல. புதிய நாண் பலருக்கு முன்பிருந்த இடத்தைவிட மேலே ஒட்டிக்கொள்கிறது. தசையும் சற்றுக் குட்டையாகிவிடுகிறது. முழங்காலை ஆழமாக மடக்கும்போது பின்தொடை இழுப்பதும் குரக்கை பிடிப்பதும் இதனால்தான்.

அப்படியானால் ஏன் இந்த நாணை எடுக்க வேண்டும்? இன்னொரு வழி, முழங்கால் சில்லின் கீழுள்ள நாணை இரு பக்க எலும்புத் துண்டோடு எடுப்பது. அதைக் கொடுத்தவர்களுக்கு மண்டியிடும்போது முழங்காலின் முன்பக்கம் நோவது கூடுதல். ஒரு நாளைக்கு ஐந்து வேளை ஸுஜூது செய்கிறவருக்கு அது சின்ன விஷயம் அல்ல. முழந்தாளிட்டு வாழும் சமூகங்களில் பின்தொடை நாணைப் பல மருத்துவர்கள் விரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம். முழங்காலின் முன்பக்கத்துக்கு அது மிச்சம் பிடித்துக் கொடுத்ததைத்தான் பின்தொடை சில மாதம் நோவாகக் கட்டுகிறது.

நோவின் நாட்காட்டி

முதல் இரண்டு வாரம் தொடை முழுக்க அடித்துப் போட்டது போல இருக்கும். சத்திர சிகிச்சையின்போது இரத்த ஓட்டத்தை நிறுத்தத் தொடையின் மேல்பகுதியில் காற்றுப்பட்டி இறுக்கியிருந்தால், அந்த இடமும் கன்றி நோகும். பின்தொடையில் கசிந்த இரத்தம் புவியீர்ப்பில் கீழே இறங்கிக் கெண்டைக்காலிலும் கணுக்காலிலும் நீலம் பாய்ந்து, பின் பச்சையாகி, மஞ்சளாகி மறையும். நீலத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை.

இரண்டாம் வாரத்திலிருந்து இரண்டாம் மாதம் வரைக்குமான ஆபத்து வேறு. நோவு குறைந்துவிட்டது என்று நினைத்து ஒருவர் கீழே கிடக்கும் செருப்பை எடுக்கக் குனிகிறார், அல்லது குளியலறை ஈரத்தில் கால் சற்று வழுக்குகிறது. பின்தொடையில் "டப்" என்று ஏதோ அறுந்தது போலிருக்கும், நோவு சுள்ளென்று ஏறும். புதிய ஏ.சி.எல். போய்விட்டது என்று வீடே கலங்கும். பெரும்பாலும் அறுந்தது எடுத்த இடத்தில் உருவாகிக்கொண்டிருந்த இளம் தழும்புத் திசு. முழங்கால் வீங்காமலும் நழுவாமலும் இருந்தால் பொருத்திய நாண் பத்திரமாகவே இருக்கக்கூடும். ஆனாலும் மருத்துவருக்குச் சொல்லிக் காட்டிக்கொள்ள வேண்டும்.

மூன்றாம் மாதத்திலிருந்து ஆறாம் மாதம் வரை இழுப்பும் குரக்கையும். படுக்கையில் குப்புறப் படுத்துக் குதிகாலைப் பிட்டத்துக்குக் கொண்டுபோனால் தசை முடிச்சாகச் சுருண்டு நிற்கும். சிலருக்குத் தொடையின் உள்பக்கம் மேடாகத் தெரியும். அது சுருங்கிய தசையின் வயிறு.

ஆறு மாதம் தாண்டியும் நோகிறது என்றால், காயம் ஆறாததைவிடத் தசை பலம் பெறாததே வழக்கமான காரணம். அதைப் பின்னர் பார்ப்போம்.

இவற்றுக்குக் காத்திருக்கக் கூடாது

கெண்டைக்கால் அல்லது தொடை ஒரு பக்கமாக வீங்கி, சூடாகி, அழுத்தினால் நொந்தால் அது இரத்தக் கட்டியாக இருக்கலாம். அதோடு மூச்சு முட்டினாலோ நெஞ்சு குத்தினாலோ கட்டி நுரையீரலுக்குப் போயிருக்கலாம். ஆட்டோ தேடி நேரத்தை வீணாக்காமல் 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழைக்க வேண்டும். நாடு முழுவதும் ஓடும் இலவச சேவை அது.

காய்ச்சலோடு முழங்கால் சிவந்து, வீங்கி, மடக்கவே முடியாமல் போனால், அல்லது தையலிலிருந்து சீழோ நீரோ வடிந்தால் அது மூட்டுக்குள் கிருமி புகுந்ததற்கான அடையாளம். அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

பாதம் தூக்க முடியாமல் தொங்கினாலும், முழங்கால் நடக்கும்போது நழுவினாலும், பூட்டுப் போட்டது போல நின்றாலும் அடுத்த கிளினிக் நாள் வரை பொறுக்கக் கூடாது.

கொழும்பிலிருந்து வரும் இரவுப் பஸ் பயணமே இரத்தக் கட்டிக்கு ஒரு வாய்ப்பு. மணிக்கணக்கில் மடக்கிய காலோடு இருப்பது ஒரு கேடு, இருக்கையின் விளிம்பு பின்தொடையை அழுத்துவது இன்னொரு கேடு. கால் நீட்டக்கூடிய இருக்கையைக் கேட்டு எடுக்கலாம். பாதத்தை மேலும் கீழும் அசைத்துக்கொண்டே வரலாம். பஸ் நிற்கும் இடங்களில் ஊன்றுகோலோடு இறங்கி நாலடி வைக்கலாம். தொடைக்கு அடியில் மடித்த துவாய் ஒன்று இருந்தால் விளிம்பின் அழுத்தம் குறையும்.

முதல் ஆறு வாரம்: தொடைக்கு ஓய்வு, முழங்காலுக்கு அசைவு

பின்தொடைத் தசையைப் பலமாக வேலை வாங்குவதை இந்தக் காலத்தில் தவிர்க்க வேண்டும். சாதாரணமாகப் பார்த்தால் தெரியாத வேலைகளே இங்கு ஆபத்து: கதிரையில் இருந்தபடி குதிகாலால் இன்னொரு கதிரையை இழுப்பது, செருப்பைக் காலால் கழற்றுவது, மோட்டார் சைக்கிளின் கிக்கரை மிதிப்பது, முழங்காலை நேராக வைத்துக்கொண்டு நிலத்தைத் தொடக் குனிவது.

முழங்காலுக்கு அடியில் தலகணி வைத்தால் தொடைக்குச் சுகமாக இருக்கும். அந்தச் சுகத்துக்கு இடம் கொடுத்தால் முழங்கால் முழுதாக நீளாமல் போய்விடும். பிறகு மாதக்கணக்கில் நொண்ட வேண்டி வரும். தலகணியைக் குதிகாலுக்கு அடியில் வைக்க வேண்டும்.

ஒத்தணம் என்றால் இந்தக் கட்டத்தில் ஐஸ்தான். நொறுக்கிய ஐஸ்கட்டியைத் துவாயில் சுற்றி 15 முதல் 20 நிமிடம் பின்தொடையிலும் முழங்காலிலும் வைக்கலாம். நாளைக்கு மூன்று நாலு தடவை போதும்.

குதிகாலைப் படுக்கையில் தேய்த்து மெல்ல மடக்குவது, முன்தொடைத் தசையை இறுக்கிப் பிடிப்பது, பாதத்தை ஆட்டுவது ஆகியவை முதல் வாரத்திலிருந்தே நடக்கும். மடக்கும்போது பாதத்தில் துணியைச் சுற்றிக் கையால் இழுத்தால் பின்தொடைக்கு வேலை குறையும். மூன்றாம் நாலாம் வாரத்தில் பிசியோதெரபிஸ்ட் அனுமதித்தால் கதிரையில் இருந்து, குதிகாலை நிலத்தில் மெதுவாக அழுத்தி 10 விநாடி பிடித்து விடலாம், 10 தடவை. முழுப் பலத்தில் கால்வாசி போதும். முழங்கால் எலும்புகளுக்கு நடுவே இருக்கும் சவ்வையும் (மெனிஸ்கஸ்) சேர்த்துத் தைத்திருந்தால் மடக்கும் அளவுக்கும் ஊன்றும் அளவுக்கும் வேறு கட்டுப்பாடுகள் உண்டு. அங்கே சத்திர சிகிச்சை செய்தவர் சொன்ன கணக்கே செல்லும்.

"டப்" என்று அறுந்த உணர்வு வந்தால் இரண்டு மூன்று நாள் ஓய்வு, ஐஸ், ஊன்றுகோல், மேல்தொடை வரை இழுபடும் துணிப்பட்டி. அந்த நாட்களில் உருவுவதும் சூடு வைப்பதும் உள்ளே கசிவைக் கூட்டும். நோவு அடங்கியதும் ஒரு படி கீழே இறங்கி, ஒரு வாரத்துக்கு முந்திய பயிற்சியிலிருந்து தொடங்கினால் போதும்.

ஏற்றிக்கொண்டு போதல்

நோகிறதே என்று தொடையைச் சும்மா விட்டால் நோவு நீடிக்கும். நோவைப் பார்க்காமல் ஒரேயடியாக ஏற்றினாலும் நீடிக்கும். இரண்டுக்கும் நடுவில் நடப்பதற்கு ஒரு கணக்கு உண்டு. நோவில்லாததை 0, தாங்கவே முடியாததை 10 என்று வைத்துக்கொண்டால், பயிற்சியின்போது 3 வரை போகலாம். அடுத்த நாள் காலையில் அது பழைய அளவுக்கு இறங்கியிருக்க வேண்டும். இறங்காவிட்டால் நேற்றுச் செய்தது கூடிப்போயிற்று, எண்ணிக்கையையோ பாரத்தையோ குறைக்க வேண்டும்.

ஆறாம் வாரத்திலிருந்து பன்னிரண்டாம் வாரம் வரை பாலம். மல்லாந்து படுத்து, இரண்டு பாதத்தையும் ஊன்றி, இடுப்பைத் தூக்கி 5 விநாடி பிடித்து இறக்குவது. 10 தடவையாக மூன்று சுற்று. பழகிய பிறகு பாதங்களை ஒவ்வொரு அங்குலமாகத் தூர வைத்தால் பின்தொடைக்கு வேலை கூடும். சுவரைப் பிடித்து நின்று, பாரம் எதுவும் இல்லாமல் குதிகாலைப் பின்னால் மடக்கிப் பழகலாம். நிறுத்தி வைத்த சைக்கிளை மிதிப்பது நல்லது. தெருவில் ஓட்டுவதற்கு இன்னும் பொறுக்க வேண்டும்.

மூன்றாம் மாதத்துக்குப் பிறகு வீட்டின் மாபிள் நிலமே ஜிம். குதிகாலுக்கு அடியில் பழைய துணியை வைத்து, இடுப்பைத் தூக்கியபடி பாதத்தை மெல்லத் தூரத் தள்ளி, மெல்ல உள்ளே இழுப்பது. முதலில் தள்ளுவது மட்டும், பிறகு இழுப்பதும். 5 கிலோ அரிசிப் பையை இரு கையாலும் பிடித்து, முழங்காலைச் சற்று மடக்கி, முதுகை நேராக வைத்து, இடுப்பிலிருந்து முன்னே சாய்ந்து நிமிர்வது இன்னொன்று. வாரத்துக்கு மூன்று நாள் போதும், இடையில் ஒரு நாள் தசை ஆறட்டும்.

கடற்கரை கூப்பிடும். தளர்ந்த மணலில் ஓடினால் கால் பலக்கும் என்று ஊரில் ஒரு நம்பிக்கை உண்டு. ஆரோக்கியமான காலுக்கு அது சரி. இந்தக் காலுக்கு முதல் மூன்று மாதம் தளர்ந்த மணல் வேண்டாம்: பாதம் புதைந்து திரும்பினால் முழங்காலும் திரும்பும், பின்தொடையும் இழுபடும். பொருத்திய நாண் உள்ளே ஒட்டிப் புதுப்பிக்கப்படும்போது, ஆறாம் வாரத்துக்கும் பன்னிரண்டாம் வாரத்துக்கும் இடையில்தான் மிகப் பலவீனமாக இருக்கிறது. நோவு குறைந்து நம்பிக்கை கூடுவதும் அதே வாரங்களில்தான். பிறகு நடக்கப் போகும்போதும் அலை நனைத்து இறுகிய மணலில், போகும்போது ஒரு பக்கம் சரிந்த கரை திரும்பும்போது மறுபக்கம் சரியும்படி, சம தூரம் நடந்து வரலாம்.

தொழுகை, கழிவறை, சாப்பாட்டுப் பாய்

பயிற்சித் தாளில் இல்லாத மூன்று இடங்களில்தான் இந்தத் தொடை நாள் முழுக்கச் சோதிக்கப்படுகிறது.

ருகூஉ, முழங்காலை நேராக்கி இடுப்பிலிருந்து குனியும் நிலை. பின்தொடைத் தசையை இழுத்து நீட்டுவதற்குப் பயிற்சி நிலையங்களில் கற்றுக்கொடுப்பதும் ஏறக்குறைய இதையேதான். ஸுஜூதும் அத்தஹிய்யாத் இருப்பும் இதன் எதிர்ப்பக்கம்: முழங்கால் முழுதாக மடிந்து, சுருங்கிய தசை மேலும் சுருண்டு குரக்கை பிடிக்கும். நிற்க முடியாதவர் இருந்தும் இருக்க முடியாதவர் படுத்தும் தொழலாம் என்ற சலுகை தெரிந்ததுதான். ஆனாலும் இளைஞர்கள் பள்ளியில் கதிரை எடுக்க வெட்கப்படுகிறார்கள். முதல் மாதங்களுக்கு ஆடாத கதிரை ஒன்றில் இருந்து தொழுவது தொடைக்கும் முழங்காலுக்கும் செய்யும் சிகிச்சை.

திரும்பும்போது படிப்படியாகத் திரும்பலாம். முதலில் முழங்காலைச் சற்றுத் தளர்த்தி அரைக் குனிவில் ருகூஉ. பல வாரம் கழித்து, வீட்டு மெத்தையில் கதிரையைப் பிடித்தபடி மண்டியிட்டுப் பார்ப்பது. குதிகாலில் பாரத்தைப் போட்டு இருக்கும் நிலை எல்லாவற்றுக்கும் கடைசி. எந்த மாதம் என்பதைச் சத்திர சிகிச்சை நிபுணரிடம் நேராகக் கேட்டுவிட வேண்டும். "எப்ப ஸுஜூது செய்யலாம்?" என்ற கேள்வி "எப்ப விளையாடலாம்?" என்பதைவிடக் குறைந்த மருத்துவக் கேள்வி அல்ல. நாண் எடுத்த தழும்பு மண்டியிடும் இடத்துக்கு மிக அருகில் இருப்பதால் முஸல்லாவை இரண்டாக மடித்துப் போட்டால் ஆறுதல்.

குந்தியிருக்கும் கழிவறைக்குப் பதில் கொமட், அது இல்லாவிட்டால் நடுவில் துளையிட்ட கதிரை. சஹனில் கூடி இருந்து சாப்பிடும் விருந்துகளில் சம்மணமிட்டு இறங்குவதைவிட எழும்புவதே ஆபத்து. எழும்பும் அவசரத்தில் பின்தொடை முழுப் பாரத்தையும் ஏற்கும். சில மாதத்துக்குத் தனித்தட்டும் கதிரையும் கேட்டு வாங்குவதில் மரியாதைக் குறைவு இல்லை.

நோன்பு மாதமும் மருந்தும்

பனடோல் 500 மில்லிகிராம் மாத்திரை, வளர்ந்தவருக்கு ஒரு தடவைக்கு இரண்டு, ஆறு மணி நேர இடைவெளியில், ஒரு நாளில் எட்டுக்கு மேல் போகாமல். உடல் எடை குறைந்தவரும் ஈரல் நோய் உள்ளவரும் இதைவிடக் குறைவாக, மருத்துவரைக் கேட்டே எடுக்க வேண்டும். டைக்ளோஃபெனாக் போன்ற வீக்க மருந்துகள் வெறும் வயிற்றில் போகக் கூடாது. வயிற்றுப் புண், சிறுநீரக நோய், ஆஸ்துமா உள்ளவர்கள் பாமசியில் தாமாகக் கேட்டு வாங்கவும் கூடாது.

சத்திர சிகிச்சையின் முதல் வாரங்கள் றமழானில் விழுந்தால், நோயாளிக்குரிய சலுகையில் நோன்பைப் பின்னர் கழாச் செய்வது பற்றி மௌலவியிடமும் மருத்துவரிடமும் பேசலாம். மாதங்கள் கடந்து நோன்பு பிடிப்பவர் மருந்தை நோன்பு திறந்து சாப்பிட்ட பிறகும் ஸஹர் சாப்பாட்டோடும் வைத்துக்கொள்ளலாம். பயிற்சியை நோன்பு திறந்து ஒரு மணி நேரம் கழித்து வைத்தால் குரக்கை குறையும். தசை கட்ட முட்டை, மீன், பருப்பு ஸஹரிலும் வேண்டும், கஞ்சியும் பேரீச்சம்பழமும் மட்டும் போதாது. தராவீஹ் என்ற சொல்லே இளைப்பாறலிலிருந்து வந்தது. நாலு றக்அத்துக்கு ஒருமுறை வரும் அந்த இடைவேளையில் இருந்து பாதத்தை ஆட்டிக்கொள்ளலாம்.

கிழக்கில் இன்னொரு எச்சரிக்கையும் சேர்கிறது. மழைக்காலத்தில் காய்ச்சல் வந்தால் அது டெங்காகவும் இருக்கலாம், முழங்காலில் கிருமித் தொற்றாகவும் இருக்கலாம். டெங்கில் வீக்க மருந்துகள் இரத்தக் கசிவைக் கூட்டும். காய்ச்சல் கண்ட உடனே டைக்ளோஃபெனாக்கை நிறுத்தி, பனடோல் மட்டும் எடுத்து, இரத்தப் பரிசோதனைக்குப் போக வேண்டும்.

தைலம், சுடுதண்ணி, முறிவு வைத்தியர்

"சுடுதண்ணி ஒத்தணம் வைக்கட்டா மனே?" என்று உம்மா கேட்பது அன்பு. ஆனால் நாண் எடுக்கும்போது முன்னங்காலின் உள்பக்கத்துக்கு உணர்வு தரும் தோல் நரம்பு அடிபடுவது சாதாரணம். பலருக்கு அங்கே ஓர் உள்ளங்கை அளவு இடம் மரத்துப்போயிருக்கும். சூடு தெரியாத தோலில் சுடுதண்ணிப் போத்தல் கொப்புளம் போட்ட பிறகுதான் தெரியும். ஐஸும் அப்படியே. மரத்த இடத்தை விட்டு, பின்தொடையில் மட்டும், கையின் பின்புறத்தால் சூட்டைச் சோதித்து, ஆறு வாரத்துக்குப் பிறகு இளஞ்சூடு வைப்பதில் தவறில்லை. குரக்கைக்கு அது சுகம் தரும்.

தைலம் தோலுக்கு மேலே சூடும் ஆறுதலும் தரும், உள்ளே நாணை வளர்க்காது. தழும்பு முழுதாக மூடும்வரை அதன் பக்கம் போகக் கூடாது. கெண்டைக்கால் வீங்கியிருக்கும்போது யாரும் உருவக் கூடாது: இரத்தக் கட்டி இருந்தால் அது இடம்பெயர வழியாகும். முறிவு வைத்தியரிடம் போவதானால், உள்ளே ஆணியும் பொத்தானும் வைத்துப் பொருத்திய நாண் இருக்கிறது என்பதை முதலில் சொல்ல வேண்டும். முழங்காலை இழுத்து முறுக்கிச் சரிபார்ப்பதற்கு இடம் கொடுக்கக் கூடாது.

ஆறு மாதம் கழிந்தும் நின்றால்

நோவின் இடத்தை ஒரு விரலால் காட்டச் சொன்னால் பாதி விடை கிடைத்துவிடும்.

பின்தொடையின் உள்பக்கம், ஆழமாக மடக்கும்போது மட்டும் என்றால் சுருங்கிய தசையும் குறைந்த பலமும். மருந்து, மேலே சொன்ன பயிற்சியை மூன்று மாதம் விடாமல் செய்வது. பின்தொடையின் வெளிப்பக்கம் என்றால், உள்பக்கத் தசையின் வேலையையும் சேர்த்துச் செய்து களைத்த தசை. அங்கே பாரத்தைக் குறைத்து, பிட்டத் தசைகளைப் பலப்படுத்த வேண்டும்.

முழங்காலுக்குச் சற்று மேலே, தொடையின் வெளிப்பக்கத்தில் ஒரு புள்ளியில் நோகிறது, படி இறங்கும்போது உரசுகிறது என்றால், நாணைத் தொங்கவிட்ட உலோகப் பொத்தான் மேலே ஓடும் தசைப் பட்டையைத் தொடுகிறதா என்று எக்ஸ்ரேயில் பார்க்கலாம். முன்னங்காலில் எரிச்சலும் மின்சாரம் பாய்வது போலவும் என்றால் நரம்பு. பிட்டத்திலிருந்து தொடங்கிக் கால் வழியே இறங்கி, இருமினால் கூடினால் அது முதுகிலிருந்து வரும் நோவு, முழங்காலோடு சம்பந்தம் இல்லாமலும் இருக்கலாம். மாதக்கணக்கில் நொண்டி நடந்தவருக்கு முதுகு பிடித்துக்கொள்வது புதுமையல்ல.

கிளினிக்குக்குப் போகும்போது டயக்னோசிஸ் காட் கையில் இருக்க வேண்டும். ஒரு நாண் எடுத்தார்களா இரண்டா, சவ்வு தைத்தார்களா என்பது அதில் இருந்தால் பிசியோதெரபிஸ்டின் பாதிக் கேள்விகள் முடிந்துவிடும். அக்கரைப்பற்று ஆதார வைத்தியசாலையோ கல்முனை அஷ்ரஃப் ஞாபகார்த்த வைத்தியசாலையோ, எங்கே காட்டினாலும் இந்தக் காட் கூடவே போகட்டும்.

மைதானத்துக்குத் திரும்புதல்

2023 மார்ச் 31 அன்று அகமதாபாத்தில், ஐ.பி.எல். முதல் ஆட்டத்தில் எல்லைக் கோட்டருகே துள்ளிய நியூசிலாந்து கிரிக்கெட் வீரர் கேன் வில்லியம்சனின் வலது முழங்காலில் ஏ.சி.எல். அறுந்தது. அடுத்த மாதம் சத்திர சிகிச்சை. ஒக்டோபர் 13 அன்று சென்னை சேப்பாக்கத்தில் பங்களாதேஷுக்கு எதிராக அவர் 78 ஓட்டம் எடுத்ததைப் பார்த்தவர்கள், ஆறு மாதம் போதும் என்று முடிவுகட்டினார்கள். அதே மாதம் 17ஆம் திகதி உருகுவேக்கு எதிராக விளையாடிய பிரேசில் உதைபந்தாட்ட வீரர் நெய்மாருக்கு அதே நார் அறுந்தது. அவர் மீண்டும் மைதானத்தில் இறங்கியது 2024 ஒக்டோபர் 21 அன்று. ஒரு வருடத்துக்கும் மேல். இருவருக்கும் உலகத் தரமான சிகிச்சை கிடைத்தது. ஆயினும் இரண்டு கால்களும் ஒரே நாட்காட்டியைப் பின்பற்றவில்லை.

2016 இல் வெளியான ஆய்வொன்று 106 விளையாட்டு வீரர்களைப் பின்தொடர்ந்தது. ஒன்பதாம் மாதம் வரை திரும்புவதை ஒவ்வொரு மாதம் தள்ளிப்போடும்போதும் மீண்டும் முழங்கால் காயமடையும் வாய்ப்பு 51 வீதம் குறைந்தது. மாலையில் நண்பர்கள் வந்து கூப்பிடும்போது சொல்வதற்கு இந்த ஓர் எண் போதும்.

மாதக் கணக்கோடு பலத்தின் கணக்கும் வேண்டும். வீட்டிலேயே பார்க்கலாம். மல்லாந்து படுத்து, ஒரு குதிகாலைக் கதிரையில் வைத்து, முழங்காலைச் சற்றே மடக்கி, மற்றக் காலைத் தூக்கிக்கொண்டு, இடுப்பு நேராகும் வரை எழும்பி இறங்க வேண்டும். இடுப்பு சரியும் வரை எத்தனை தடவை என்று எண்ண வேண்டும். நல்ல காலில் 25 வந்து, நாண் எடுத்த காலில் 18 வந்தால் அது 72 வீதம். கேட்கப்படுவது குறைந்தது 90 வீதம், அதாவது 23. குறைகிற 5 தடவைக்காக மாபிள் நிலத்தில் துணியைப் போட்டு இன்னும் ஆறு வாரம் பயிற்சி, பிறகு மீண்டும் எண்ணிக்கை. 23 வந்ததும் அந்தத் தாளோடு பிசியோதெரபிஸ்டிடம் போனால், ஒற்றைக்கால் துள்ளலை அவர் அளந்து பார்ப்பார்.